அமர்க்களமும் களியாட்டமும்



ஒரு தை மாதத்துக் காலை வேளையில் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலைமீது ஏறி, உச்சியிலுள்ள அரங்கநாதர் கோயிலைக் கண்டு, வெயில் முற்றுமுன் இறங்கி வந்தேன். கால்கள் ஓய்ந்துவிட்டன. கல்யாண மகாலின் நிழலில் சற்று அமர்ந்தேன். ஊர்ப்பக்கத்திலிருந்து மேளமும் நாகசுரமும் காற்றில் மிதந்து வந்தன. இடையிடையே வேட்டு முழங்கிற்று. அருகில் வெள்ளரிப் பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த மூதாட்டியார் அந்த ஒலிக்குச் செவிசாய்த்துவிட்டு, “கல்யாண வீடு ஐயா, ஒரே அமர்க்களமா இருக்குது” என்றார்.

எத்தனையோ முறை கேட்ட சொல்தான். ஆயினும் அந்த இடத்தில் அதைக் கேட்டபோது என் உள்ளம் திடுக்கிட்டது. அமர் என்றால் போர். அமர்க்களம் என்றால் போர்க்களம். நானோ மூன்று மலைகளையும் பிணைத்து நிற்கும் மதில்களுக்கு நடுவே, உண்மையான அமர்க்களம் ஒன்றில் அமர்ந்திருந்தேன். போரின் பெயர் எப்போது திருமண வீட்டுக்குச் சென்றது? மடிந்தவர் கிடந்த இடத்தின் பெயரால் மணமக்களின் மகிழ்ச்சியை நாம் குறிப்பது எவ்வாறு? அன்று தோன்றிய இக்கேள்வியே இன்றைய பேச்சுக்குக் காரணம். கட்டுக்கடங்காத கொண்டாட்டத்துக்குத் தமிழர் வழங்கும் சொற்களையும், அக்கொண்டாட்டத்தில் திளைப்பவர்களுக்கு இட்ட பெயர்களையும், செஞ்சியின் வரலாற்றோடு சேர்த்து இன்று சற்று எண்ணிப் பார்ப்போம்.

முதலில் செஞ்சி கண்ட அமர்க்களங்களைச் சொல்லிவிடுகிறேன். விசயநகரப் பேரரசின் கீழிருந்த நாயக்க மன்னர் இங்கிருந்து ஆண்டனர். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் பீஜப்பூர்ச் சுல்தானின் படை கோட்டையைக் கைப்பற்றிற்று. 1677-இல் சிவாஜி இதனைத் தம் வசமாக்கினார். அவர் மைந்தர் இராஜாராம் இங்கே தங்கியிருந்தபோது, 1690 முதல் 1698 வரை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஔரங்கசீபின் படை இக்கோட்டையை முற்றுகையிட்டது. 1714-இல் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லாகானை எதிர்த்துத் தேசிங்குராசன் வீழ்ந்தான். எட்டு ஆண்டு முற்றுகையைத் தாங்கிய இதே கோட்டையை 1750-இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்தார். 1761-இல் அது ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. மராட்டியர் காலத்துப் படையரண்கள் பன்னிரண்டை 2025-இல் உலக மரபுச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்றபோது, தமிழ்நாட்டிலிருந்து அவ்வரிசையில் இடம் பெற்றது செஞ்சி ஒன்றே.

இத்தனை போர்களுக்கும் களியாட்டத்துக்கும் என்ன உறவு? பழந்தமிழ் இலக்கணத்தைக் கேட்டால், நெருங்கிய உறவு என்றே விடை கிடைக்கும். தொல்காப்பியம் வெட்சித் திணையில் பகைவரின் ஆநிரையைக் கவர்ந்து வரும் செயலைப் படிப்படியாக வகுக்கிறது. கவர்ந்து வந்த ஆநிரையைப் பங்கிடுவது பாதீடு. அதனை அடுத்து வருவது உண்டாட்டு. அதாவது உண்டும் குடித்தும் ஆடியும் வெற்றியைக் கொண்டாடுதல். வடிவத்தைப் பாருங்கள்: உண் என்பதும் ஆடு என்பதும் இணைந்து ஒரு சொல்லாய் நிற்கின்றன. கம்பரும் இராமகாதையின் பால காண்டத்தில் ஒரு படலத்துக்கு உண்டாட்டுப் படலம் என்னும் பெயர் வழங்க, அதில் மதுவுண்டு களிப்பாரைப் பாடியிருக்கிறார்.

ஆயின் உண்டாட்டுக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. செஞ்சிக்கு மேற்கே திருவண்ணாமலையைக் கடந்து சென்றால் செங்கம் வட்டாரம் வரும். அங்கே பழைய நடுகற்கள் பல உள்ளன. ஆநிரை கவர்ந்த பூசலிலும் மீட்ட பூசலிலும் பட்ட வீரர்களின் பெயர்கள் அவற்றில் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஓர் ஊரில் உண்டாட்டு நிகழ்ந்த இரவில், மற்றோர் ஊரில் ஒரு வீரனுக்குக் கல் தேடிக்கொண்டிருந்தார்கள். இலக்கணம் முதல் ஊரின் சொல்லை நமக்குக் கொடுத்தது. கல் இரண்டாம் ஊரின் செய்தியைக் கொடுக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிப்பதே வரலாறு.

களம் என்ற சொல்லையும் ஆராய்வோம். தமிழில் களம் இரண்டு: நெற்கதிரை அடித்து மணி பிரிக்கும் ஏர்க்களம் ஒன்று, வாளும் வேலும் மோதும் போர்க்களம் மற்றொன்று. தொல்காப்பியம் ஏரோர் களவழியையும் தேரோர் களவழியையும் அருகருகே வைத்து எண்ணுகிறது. போரடித்தல் என்னும் தொடர் இன்றும் உழவர் வாயில் வழங்குகிறது. ஆனால் அங்கே போர் என்பது நெற்போர். அறுவடை முடிந்த களத்திலும் ஆரவாரம் உண்டு. வென்ற களத்திலும் ஆரவாரம் உண்டு. பரணி இலக்கியம் இவ்வுறவை எல்லைக்கே கொண்டு சென்றது. 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த கலிங்கப் போரைப் பாடிய சயங்கொண்டார், பேய்கள் போர்க்களத்திலேயே அடுப்பு மூட்டிக் கூழ் சமைத்து, தம்முள் பகிர்ந்து உண்டு, மன்னனை வாழ்த்தி ஆடுவதாகக் காட்டுகிறார். தமிழ் இலக்கியத்தில் இதனினும் கட்டுக்கடங்காத விருந்து வேறில்லை என்பேன். ஆகவே, போர்க்களத்தைக் குறித்த அமர்க்களம் பின்னர்ப் பேரிரைச்சலையும், அதன்பின் பெருங்கொண்டாட்டத்தையும் குறித்தது வியப்பன்று. ஆர்ப்பாட்டம் என்ற சொல்லிலும் ஆர்ப்பு என்னும் பேரொலி இருக்கிறது. வடமொழியிலிருந்து வந்த கோலாகலம் தாய்மொழியில் கூச்சலையே குறித்தது. அட்டகாசம் உரத்த சிரிப்பைக் குறித்தது. தமிழன் தன் கொண்டாட்டத்தைக் கண்ணால் அளந்ததைவிடக் காதால் அளந்ததே மிகுதி.

ஒலிக்கு அடுத்தது மது. களித்தல் என்றால் இன்று நாம் மகிழ்தல் என்றே கொள்கிறோம். பழைய வழக்கில் கள்ளுண்டு மயங்குதலும் அதற்குப் பொருள். திருவள்ளுவர் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் குடித்து மயங்கியவனை இச்சொல்லாலேயே சுட்டுகிறார். களியாட்டம் என்னும் சொல்லில் இன்றும் அந்த மணம் முற்றும் நீங்கவில்லை. குடித்துத் திரிபவனுக்குக் களிமகன் என்று பெயர். மணிமேகலைக் காப்பியத்தில் இந்திர விழாக் காலத்துப் புகார்த் தெருவில் ஒரு களிமகன் வருகிறான். அவன் எதிரே வருபவர் உண்ணா நோன்பு பூண்ட சமணத் துறவி. அவரை வழிமறித்து, நீரும் குடியும் என்று அவன் கெஞ்சுகிறான்! தான் பெற்ற இன்பத்தை உலகமும் பெறட்டும் என்னும் களிமகன் இன்றைய விருந்துகளிலும் தவறாமல் ஒருவன் இருப்பான் அல்லவா?

இது தமிழுக்கு மட்டும் உரிய இயல்பன்று. கல்லூரிகளில் கருத்தரங்கைச் சிம்போசியம் என்கிறோம். கிரேக்க மொழியில் அதன் முதற்பொருள் கூடிக் குடித்தல். ரோமாபுரியில் மதுத்தெய்வமான பாக்கஸுக்கு நிகழ்ந்த இரவுக் களியாட்டங்கள் அரசையே அஞ்சச் செய்தன; கி.மு. 186-இல் ஆட்சிமன்றம் அவற்றைக் கடுமையாக அடக்கிற்று. கிரேக்கச் சொல் கள்ளிலிருந்து கல்விக்கு ஏறியது. நம் களிப்பு கள்ளிலிருந்து மகிழ்ச்சிக்கு ஏறியது. எல்லாச் சொற்களுக்கும் இந்த நல்வாய்ப்பு அமையவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

மீண்டும் செஞ்சிக்கு வருவோம். விருந்து என்ற சொல்லுக்கு முதற்பொருள் புதுமை. பின்னர் வீட்டுக்கு வந்த புதியவரைக் குறித்தது. அதன் பின்னரே அவருக்கு இடும் உணவைக் குறித்தது. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செஞ்சிக்கு அத்தகைய புதியவர் ஒருவர் வந்தார். அவர் பிமெண்டா என்னும் ஏசு சபைப் பாதிரியார். லிஸ்பனை நீக்கினால், போர்த்துகல் நாட்டு நகரங்கள் எவற்றினும் செஞ்சி பெரியது என்று அவர் எழுதினார். கிருஷ்ணப்ப நாயக்கர் பட்டு விரிப்பில் திண்டுகளில் சாய்ந்து, மார்பில் முத்தும் மணியும் ஒளிர வீற்றிருந்ததைக் கண்டார். மன்னர் அன்போடு வரவேற்று வெற்றிலை கொடுத்தார். பாதிரிமார் அதனை வாயில் இட்டு மெல்லவில்லை. அது கண்டு மன்னர் வியந்தாராம். விருந்தின் மொழி அறியாதவர்க்கு வெற்றிலையும் வெறும் இலைதான்!

நாயக்கர்க்குப் பின் வந்தவர்களோடு அரபும் பாரசீகமும் உருதும் மராத்தியும் இம்மண்ணில் ஒலித்தன. தமிழகமெங்கும் அக்காலத்து அவைகளும் பாசறைகளும் பரப்பிய சொற்களை இன்று நாம் பிறமொழிச் சொல் என்ற நினைவே இன்றி வழங்குகிறோம். ஜல்சா என்பது அரபு மொழியில் அமர்ந்திருத்தல், அவை என்னும் பொருளுடையது. நம்மிடம் அது கேளிக்கையாயிற்று. மஜா என்பது பாரசீகத்தில் சுவை. குஷி என்பது மகிழ்ச்சி. சபாஷ் என்பது மகிழ்ந்திரு என்னும் வாழ்த்து. ஷோக்கு என்பது அரபு மொழியில் ஏக்கம். நம் ஊரில் அது பகட்டு. தமாஷா மராத்தியர்க்கு ஆடலும் பாடலும் கூடிய நாடகம். நமக்குத் தமாஷ் என்றால் வேடிக்கைப் பேச்சு. கச்சேரியின் கதை இன்னும் சுவையானது. வடக்கே அது நீதிமன்றமும் அலுவலகமும். நம் பாட்டனார் தாலுகா கச்சேரியில் வரி கட்டிவிட்டு, இரவில் பாட்டுக் கச்சேரிக்குப் போனார்.

ஆங்கிலேயர் ஆட்சி தந்த சொல் மைனர். உரிய வயது வராத ஜமீன் வாரிசு சட்டப்படி மைனர். அவன் சொத்தைக் காக்க அரசு ‘கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்’ என்னும் அமைப்பை வைத்திருந்தது. சென்னை மாகாணத்தில் அதற்கெனத் தனிச் சட்டம் 1902-இல் இயற்றப்பட்டது. உழைப்பின்றி வந்த செல்வமும் கேள்வியில்லாத இளமையும் கூடினால் என்ன ஆகும் என்று ஊர் கண்டது. சட்டச் சொல் சரிகை வேட்டி கட்டிக்கொண்டு, கழுத்தில் மைனர் சங்கிலி அணிந்து, நறுமணம் பூசி வீதிக்கு வந்தது. வயது அறுபதானாலும் அவர் மைனர்தான்! இன்று வழங்கும் பார்ட்டி என்ற சொல்லும் விருந்தையும் குறிக்கிறது, ஆளையும் குறிக்கிறது. ‘பார்ட்டிக்குப் போனேன்’ என்கிறோம். ‘அவர் பெரிய பார்ட்டி’ என்றும் சொல்கிறோம்.

இவ்வளவில் சொற்கள் வேடிக்கையாகவே தோன்றும். கல்யாண மகாலின் அருகேயுள்ள களஞ்சியங்களின் முன் சென்று நின்றால் எண்ணம் மாறும். பருத்த சுவர்களும் உயர்ந்த வளைவுக் கூரையும் உடைய அக்கட்டடங்கள், முற்றுகைக் காலத்துக்கு என்று நெல்லைச் சேமித்த இடங்கள். அந்நெல் மலையில் விளைந்ததன்று. சுற்றுப்புறச் சிற்றூர்களின் ஏர்க்களங்களிலிருந்து வந்தது. கோட்டை யார் கையில் இருந்தாலும், நெல் வந்த திசை மாறவில்லை. “பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம்” என்னும் பழமொழியைச் சொன்னவர் பூனையாக இருந்திருக்க முடியாது. கொண்டாடுதல் முன்னர்ப் பாராட்டுதலைக் குறித்த சொல். அதனோடு திண்டாட்டத்தை எதுகையாகச் சேர்த்துப் பிணைத்தது ஊர் மக்களின் பட்டறிவு.

அன்று அந்த மூதாட்டியாரிடம், “நீங்கள் கல்யாணத்துக்குப் போகவில்லையா அம்மா?” என்று கேட்டேன். “போனேன் ஐயா, விடியறதுக்கு முன்னாலே பாத்திரம் விளக்கிக் கொடுத்துட்டு இங்கே வந்துட்டேன்” என்றார். அவர் குரலில் வருத்தம் இல்லை. எனக்குத்தான் அச்சொற்கள் நெஞ்சில் தைத்தன. அமர்க்களத்துக்குள் பாத்திரம் விளக்கியவரின் பெயர் எந்தச் சொல்லில் இருக்கிறது?

மாணவர்களே, கேளிக்கையோடு தொடர்புடைய மனிதர்களுக்கு நாம் இட்ட பெயர்களை இரு வரிசையாக எழுதிப் பாருங்கள். இன்பம் துய்ப்பவர் ஒரு வரிசை: சுகவாசி, உல்லாசி, ரசிகர், மைனர், ஷோக்குப் பேர்வழி. ஊதாரி என்பது ஒன்றே சற்றுக் கடுமையானது; அதுவும் அவன் பணத்தை இழந்த பின் சொல்வது. மற்றவற்றைச் சொல்லும்போது நம் இதழோரம் சிரிப்பு மலர்கிறது. இனி, இன்பம் தருபவர் வரிசை: கூத்தாடி, தேவரடியார். இச்சொற்களைச் சொல்லும் குரலே வேறு.

கூத்து எத்தகைய சொல்! தில்லையில் ஆடும் இறைவன் கூத்தன். சோழர் அவையில் புலவராய் விளங்கியவர் ஒட்டக்கூத்தர். இன்றோ ஒழுங்கின்றி நடப்பதைக் கூத்தடித்தல் என்கிறோம். சிறுவனாயிருந்தபோது ஒரு நாடகத்தில் வேடமிட்டு, முகத்து அரிதாரம் கழுவாமல் வீட்டுக்கு ஓடினேன். பெரியவர் ஒருவர், “கூத்தாடிப் பயலே, உள்ளே வராதே” என்று வாசலில் நிறுத்திவிட்டார். முந்திய இரவில் முன்வரிசையில் அமர்ந்து கூத்துப் பார்த்து, தலையசைத்து மகிழ்ந்தவர் அவர். அந்த வாசற்படியில் நான் கற்ற பாடத்தை எந்த அகராதியும் எனக்குக் கற்பிக்கவில்லை.

தேவரடியார் என்பதும் அவ்வாறே. கல்வெட்டுகளில் அது மதிப்புக்குரிய பெயர். கோயிலுக்கு விளக்கும் நிலமும் கொடையாக அளித்த தேவரடியார் உண்டு. பின்னர் அச்சொல் சிதைந்து வசையாயிற்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முதலியோரின் நெடிய முயற்சிக்குப் பின், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணச் சட்டம் 1947-இல் தடுத்தது. வழக்கத்தைச் சட்டம் தடுத்தது. வசை இன்றும் தெருவில் திரிகிறது. ஒன்றை எண்ணிப் பாருங்கள். மைனர் என்னும் சொல்லுக்குப் பெண்பால் இல்லை. இந்த வசைக்கு ஆண்பால் இல்லை. களித்தவனுக்குச் சிரிப்பும், களிப்பித்தவளுக்குப் பழியும் என்று மொழி தீர்ப்பு எழுதிவிட்டது. மொழி தானாக எழுதுவதில்லை. பேசுகிற நாம்தான் எழுதினோம்.

பழிக்கப்பட்டோர் செஞ்சிக்குச் செய்த உதவியைச் சொல்லி முடிக்கிறேன். 1714-இல் தேசிங்கு வீழ்ந்தான். வென்ற நவாபு அவன், தோற்றவன் இளைஞன். தோற்றவனின் பெயரை நாட்டு மக்கள் நாவில் நிறுத்தியவர்கள் ஊர் ஊராகச் சென்று கதை பாடியவர்கள். அவர்கள் பாடிய கதையில் தேசிங்கின் தோழன் ஒருவன் வருகிறான், அவன் மகமதியன். அவனுக்குத் திருமணம் நடக்கிறது. நண்பனுக்குப் போர் வந்தது என்ற ஓலை எட்டியதும், மணக்கோலத்தோடு எழுந்து குதிரை ஏறிக் களத்துக்கு விரைகிறான், அங்கேயே மடிகிறான். திருமண அமர்க்களத்திலிருந்து போரின் அமர்க்களத்துக்கு அவன் சென்ற தொலைவு ஒரு குதிரைப் பாய்ச்சல்தான். இரு பொருளையும் ஒரு சொல்லில் வைத்த தமிழின் கூர்மை அக்கதையில் எனக்கு விளங்கிற்று. தேசிங்கின் உடல் எரியூட்டப்பட்டதாகச் செட்டிகுளக் கரையில் ஒரு மேடையை இன்றும் ஊரார் காட்டுகின்றனர். கூத்தாடிகள் என்று நாம் இகழ்ந்தவர்கள் பாடாதிருந்தால், அந்த மேடை பெயரற்ற கல்லாய்க் கிடந்திருக்கும்.

செஞ்சிக்கு அண்மையில் மேலச்சேரி என்னும் ஊர் இருக்கிறது. அதனைப் பழைய செஞ்சி என்பர். அங்கே திரௌபதி அம்மன் கோயில் உண்டு. இவ்வட்டாரத்துத் திரௌபதி விழாக்களில் இரவெல்லாம் பாரதத் தெருக்கூத்து நடைபெறும். இறுதியில் வருவது படுகளம். துரியோதனனின் உருவத்தை மண்ணால் தரையில் பெரிதாக அமைத்து, அங்கே அவன் வீழ்ச்சியைக் கூத்தர் நடிப்பர். அதன்பின் தீமிதி. படுகளம் என்றால் பட்டவர் கிடக்கும் களம். விழா என்னும் பெருமகிழ்ச்சிக்கு நடுவே இம்மக்கள் சாவின் களத்தை மறைக்கவில்லை; மண்ணால் செய்து கண்முன் கிடத்தியிருக்கிறார்கள். அதனைச் சுற்றிக் குழந்தைகள் ஓடி விளையாடுகின்றன. கடை வைத்தவர் பொரியும் வளையலும் விற்கின்றனர். இரவெல்லாம் ஆடிய கூத்தர் அரிதாரம் கலைந்த முகத்தோடு தேநீர் அருந்துகின்றனர்.

மகிழ்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கல்யாண வீடு அமர்க்களப்படட்டும். ஏர்க்களத்தில் நெல் குவிந்தால் ஊர் களிக்கட்டும். நீங்களும் தேர்வு முடிந்த நாளில் கும்மாளமிடுங்கள். ஆனால் அந்த ஆரவாரத்துக்கு நடுவே ஒரு முறை திரும்பிப் பாருங்கள். ஆடியவர் யார்? அடுப்படியில் நின்றவர் யார்? விடியுமுன் பாத்திரம் விளக்கிவிட்டுப் போனவர் யார்? அடுத்த முறை உங்கள் நாவில் கூத்தாடி என்ற சொல் வசையாக எழுமானால், அது கூத்தன் என்னும் பெயரின் உடன்பிறப்பு என்பதை நினைந்து அதனை விழுங்கிவிடுங்கள்.

நான் எழுந்து புறப்பட்டபோது மேள ஒலி இன்னும் ஓயவில்லை. மூதாட்டியார் கூடையில் கடைசிப் பிஞ்சுகளை என்னிடம் கொடுத்துவிட்டு, “இந்நேரம் கடைசிப் பந்தி உட்காரும் ஐயா, நான் வரேன்” என்று சொல்லி, ஊரை நோக்கி விரைந்து நடந்தார்.